உலக்கைக்கு நேர் கீழே அமெரிக்கா

எங்க மாமியா தூக்குன உலக்கைய தூக்குன வாக்குலயே புடிச்சிக்கினு நின்னுட்டாங்க.

ரெண்டு பொம்பளைங்க ஒரே உரல்ல குத்துறது சும்மா இல்ல. ஒருத்தி போட்டா ஒருத்தி தூக்கணும். மூச்சு கூட மாத்தி மாத்தி தான் உடணும். அவங்க நின்னது தெரியாம நான் ரெண்டு குத்து தனியா குத்திட்டு, அப்பால தான் தல நிமிந்து பாத்தேன்.

இன்னா அத்தேன்னு கேட்டேன். தூங்குற புள்ளய பாயில போடுவாங்களே, அந்த மாரி உலக்கைய மெத்துனு தரையில வெச்சாங்க. இரும்புப் பூண் சத்தம் கூட கேக்கல.

"கன்னியம்மா, இனிமே இந்த ஊட்டுல உலக்க சத்தம் கேக்கக் கூடாது. கீழ எம் புள்ள கீறான்."

நான் உரலுக்குள்ள எட்டிப் பாத்தேன். நெல்லு தான் கீது.

எந்தக் கீழ?

போன வாரம் பேத்திக்கு சொன்ன கதைய, எங்க ஊட்டுக்காரர மெட்ராஸ் துறமொகத்துல கப்பல் ஏத்தி உட்டதோட நிறுத்திக்கினேன். கப்பல் அடுப்புக்கு கரி வாரிப் போடுற வேல. அவரு போனப்புறம் சென்னீர்குப்பத்து ஊட்டுல ரெண்டே பேரு. நானும் எங்க மாமியா தாயாரம்மாவும். மாமனாரு எனக்கு கண்ணாலம் ஆவறதுக்கு முன்னாலயே பூட்டாரு.

எங்களுக்கு சோறு போட்டது அந்த உரலு தான். காட்டுப்பாக்கத்துல ஒரு பெரிய ஊடு. அந்த ஊட்டு நெல்லு மூட்ட மூட்டயா எங்களாண்ட வரும். குத்தி, பொடச்சி, அரிசியா குடுத்தா, அதுலயே ஒரு பங்கு எங்களுக்கு கூலி. தவுடும் நொய்யும் மேல கெடைக்கும். தவுட்டுல வெல்லம் போட்டு பெசஞ்சி அடுப்பு சாம்பல்ல சுட்டா எப்பிடி இருக்கும் தெரியுமா. அதுக்கு மொதல்ல தவுட்ட ரெண்டு தபா சலிச்சிக்கினு...

எழுதிக்கினு கீற பேத்தி பென்சில கீழ வெச்சிட்டா. பூமியப் பத்தி சொல்றேன்னு குந்த வெச்சிட்டு தவுட்டுக்கு போறியேங்கறா. சரி, பூமிக்கே வரேன்.

உலக்க நின்னதுக்கு முந்தின நாளு அவருகிட்ட இருந்து காயிதம் வந்துச்சு. மொதக் காயிதம். எனக்கும் படிக்கத் தெரியாது, மாமியாவுக்கும் தெரியாது. எடுத்துக்கினு பூந்தமல்லிக்கு நடந்தோம். அங்க இஸ்கூல்ல எஸ்தர் டீச்சரம்மான்னு ஒருத்தங்க. கண்ணாடி போட்டுக்கினு, ஒல்லியா, சிரிச்சா ஈறு தெரியும். யாரு காயிதம் கொண்டு போனாலும் படிச்சிக் காட்டுவாங்க. நாங்க ஒரு கை அரிசி மாவு கொண்டு போயி குடுப்போம்.

நல்லா கீறேன், நாலு தபா வாந்தி எடுத்தேன், கப்பல் அமெரிக்காவுக்கு வந்துட்டுது, இங்க பகல்னா உங்களுக்கு ராத்திரின்னு எழுதி இருந்தாரு. அவரு சொல்ல கூட வேல செய்ற யாரோ எழுதுனது.

அது எப்பிடி ஒரே நேரத்துல அவனுக்குப் பகலு எனக்கு ராத்திரின்னு மாமியா கேட்டாங்க. டீச்சரம்மா உள்ள போயி ஒரு உருண்ட எடுத்தாந்தாங்க. மரத்துல செஞ்சது, ஒரு கால் மேல கொஞ்சம் சாஞ்சிக்கினு நிக்கிது. இதான் பூமின்னாங்க. ஒரு வெரல இங்காண்ட வெச்சி, இது நம்ம பூந்தமல்லி. இன்னொரு வெரல அங்காண்ட வெச்சி, இது அமெரிக்கா. ரெண்டு வெரலுக்கும் நடுவுல அந்த மொத்த உருண்டையும் கீது.

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. ஒரு தபா சுத்திப் பாக்கட்டுமான்னு கேட்டேன். சுத்துன்னாங்க. ஏழெட்டு தபா சுத்தினேன். கடலு, நெலம், கடலு, நெலம்னு ஓடுது. எங்க மாமியா மட்டும் அத கையால தொடல. அடியில கீற அந்த வெரலயே பாத்துக்கினு இருந்தாங்க.

மறுநாளு காலையில தான் உலக்க நின்னுச்சு.

கூரையும் பல்லியும்

அவங்க சொன்ன கணக்கு இது தான். கூரைக்கு உள்பக்கம் பல்லி தொங்கிக்கினு கீது. கூரை மேல நீ தட்டுனா பல்லி இன்னா ஆவும்?

உழும்னேன்.

அப்ப பூமி தான் கூரை. எம் புள்ள தான் பல்லி. நீ குத்துறது கூரை மேலன்னாங்க.

நான் சிரிச்சிட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. "பல்லிக்காவது கையில பசை கீது. அவன் கையில இன்னா கீது? கரி தான கீது"ன்னாங்க.

அன்னிலேர்ந்து அந்த ஊட்டுல நடக்கறதே பூன நடக்கற மாரி தான். கொடத்த டொப்புனு வெச்சா திட்டு. வெறகு பொளக்கறது கெடயாது, காஞ்ச குச்சி பொறுக்கித் தான் அடுப்பு. அது சண்ட நடந்துக்கினு இருந்த காலம். ஆவடிப் பக்கம் மிலிட்டிரி லாரிங்க ரோட்டுல வரிசையா போவும். அந்தச் சத்தம் கேட்டா மாமியா நெஞ்சப் புடிச்சிக்கினு குந்திடுவாங்க. இத்தினி லாரி ஓடுனா அவன் எங்க நிப்பான், எத புடிச்சிக்கினு நிப்பான்னு கேப்பாங்க.

எனக்கும் பயம் கீது. ஆனா என் பயம் வேற. சண்டையில கப்பலுக்கு குண்டு போடுறாங்கன்னு சந்தையில பேசிக்கினாங்க. அத நான் மாமியாகிட்ட மூச்சு உடல. ஒரு பயமே போதும்.

நெல்லு மூட்ட மூலையில அப்பிடியே கெடந்துச்சு. காட்டுப்பாக்கத்துக் கணக்கப்புள்ள வந்து பாத்துட்டு, பூந்தமல்லியில அரிசி மிஷின் வந்துட்டுது, உங்களால ஆவலன்னா சொல்லிடுங்கன்னு போனாரு. நெல்லு அங்க பூட்டா நாங்க எத துன்றது. ஒரு கொட நெல்ல இடுப்புல வெச்சிக்கினு காட்டுப்பாக்கத்துக்கே போயி, அந்த ஊட்டுப் பின்கட்டு உரல்ல யாருக்கும் தெரியாம குத்தினேன். மூணாம் நாளு மாமியா வந்து எதுருல நின்னாங்க.

"காட்டுப்பாக்கம் இன்னா, வேற பூமியாடி?"

ஈரப் பொடவை

நேரா டீச்சரம்மாகிட்ட போனேன். நீங்க தான் இத ஆரம்பிச்சீங்க, நீங்களே முடிச்சி உடுங்கன்னேன். கேட்டுட்டு அவங்க தலையில கைய வெச்சிக்கினாங்க. ஞாயித்துக்கெழம உங்க அத்தைய கூட்டிக்கினு வாங்கன்னாங்க.

மொதல்ல ஒரு காந்தம் காட்டுனாங்க. லாடம் மாரி வளஞ்சி இருந்துச்சு. தையல் ஊசிய அடியில வெச்சா ஒட்டிக்கினு தொங்குது. பாத்தீங்களா, உழல இல்ல, அந்த மாரி பூமி எல்லாரையும் தன் பக்கம் இழுத்து வெச்சிருக்குதுன்னாங்க.

மாமியா ஊசிய புடுங்கி திரும்ப ஒட்ட உட்டு பாத்தாங்க. அப்பால தன் மோதர வெரல்ல இருந்த பித்தள மோதரத்த கயட்டி வெச்சி பாத்தாங்க. டக்குனு உழுந்துடுச்சு. "இரும்ப தான் இழுக்குது. எம் புள்ள இரும்பா?"ன்னாங்க.

டீச்சரம்மா உடல. கொடியில காஞ்சிக்கினு இருந்த ஒரு பொடவைய எடுத்தாங்க, இன்னும் ஈரம் போவல. நாலா மடிச்சி நாலு மூலைய நாலு பேரு புடிச்சோம். நானு, மாமியா, டீச்சரம்மா, இஸ்கூல் பெருக்கற ஆயா. சீமையில ஒரு பெரிய படிச்சவரு புதுசா சொல்றாராம், வானமே இந்த மாரி ஒரு துணி தானாம். நடுவுல அம்மிக் குழவிய வெச்சாங்க. துணி குழி உழுந்துச்சு. இது சூரியன்னாங்க. ஓரத்துல ஒரு எலந்தக்கொட்டய உட்டாங்க. அது உருண்டுகினு போயி குழவியாண்ட நின்னுச்சு. இன்னொரு கொட்டய கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி உட்டாங்க பாரு. அது நேரா போவல. குழவிய சுத்திக்கினு, சுத்திக்கினு, அப்பால தான் போயி சேந்துச்சு. இப்பிடித் தான் நம்ம பூமி சூரியன சுத்துது, நெலா நம்மள சுத்துதுன்னாங்க.

இன்னொரு தபா, இன்னொரு தபான்னு நான் எத்தினி கொட்ட உட்டேன்னு தெரியாது. ஆயா கைய வலிக்கிதுன்னு கத்துறா. ஆகாசத்துல இம்மாம் பெரிய பொடவய விரிச்சி, அதுல நம்ம எல்லாரும் கொட்ட மாரி ஓடிக்கினு கீறோம்னு நெனச்சிக்கினே அடுத்த கொட்டய எடுப்பேன்.

மாமியா மூலைய புடிச்சிக்கினே யோசிச்சாங்க. "குழவி ஏன் துணிய அமுக்குது?"

"கனமா இருக்குதும்மா."

"கனம்னா இன்னா? கீழ தரை இழுக்குது, அதனால அமுக்குது. இந்தத் துணிக்குக் கீழ தரை கீது. வானத்துத் துணிக்குக் கீழ இன்னா கீது? அத எது இழுக்குது?"

ஆயா கூட மூலைய உடாம டீச்சரம்மா மொகத்தையே பாத்தா.

"அது எனக்குத் தெரியலம்மா."

படிச்சவங்க வாயிலேர்ந்து அந்த வார்த்தய நான் கேட்டதே இல்ல. மாமியாவும் கேட்டதில்ல போல. திரும்பி வர வழியில, அவ நெசமாவே படிச்சவடி, தெரியலன்னு சொன்னா பாருன்னாங்க. ஆனா உலக்கய தொட உடல.

உலக்கை நின்ன நாளு

அப்பால ஒரு கிரகணம் வந்துச்சு. சூரியனுக்குப் புடிக்கிற கிரகணம், பகல்ல. கிரகணம் புடிக்கிற நேரத்துல உலக்கைய நிறுத்திப் பாப்பாங்க. பித்தளத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, நடுவுல உலக்கைய செங்குத்தா வெச்சி கைய எடுத்தா அப்பிடியே நிக்கும். கிரகணம் உட்டதும் உழுந்துடும். மத்த ஊட்டுல எல்லாம் நாலு தபா அஞ்சி தபா வெச்சி பாப்பாங்க, நிக்காது. எங்க மாமியா வெச்சா ஒரே தபா. தெருவே எங்க ஊட்டு வாசல்ல நிக்கும் அத பாக்க.

அன்னிக்கும் நிறுத்துனாங்க. எத்தினி நாளைக்கு அப்பால உலக்கைய கையில எடுத்தாங்க. வெயிலு மங்கி, கோழிங்க எல்லாம் கூண்டுக்குப் போவுது. உலக்க தனியா நிக்கிது. நானும் அவங்களும் பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு கீறோம்.

எனக்கு ஒண்ணு தோணுச்சு. அத்தே, இது நேரா நிக்கிதே, எதுக்கு நேரான்னேன்.

மண்ணுக்கு நேரான்னாங்க.

அவரு இப்ப கீற ஊருலயும் ஒருத்தி உலக்க நிறுத்துனா?

அங்க மண்ணுக்கு நேரா நிக்கும்னாங்க. எழுந்துபோயி, கொடத்தடியில கீற ஈர மண்ண ஒரு கைப்புடி அள்ளி உருண்ட புடிச்சாங்க. தொடப்பத்துலேர்ந்து ரெண்டு ஈக்குச்சி ஒடச்சாங்க. ஒண்ண உருண்டைக்கு மேல குத்துனாங்க. "இது நானு." ஒண்ண அடியில குத்துனாங்க. "இது அவன்." அந்த உருண்டய கண்ணுக்கு நேரா தூக்கி வெச்சி பாத்தாங்க.

"ரெண்டு குச்சிக்கும் காலு மண்ணுல தான கீது. அப்ப அவனுக்குக் கீழன்னா அதுவும் மண்ணு தானா?"

ஆமாம் அத்தேன்னு நான் சொல்லி முடிக்கல, அடியில இருந்த குச்சி நழுவி தொப்புனு தரையில உழுந்துடுச்சு.

அவங்க மொகத்த பாக்க முடியல. தெருவுல ஒருத்தி, ஐயோ உழுந்துட்டான்னு வேற சொல்லித் தொலச்சா.

அந்த நேரத்துல எனக்கு எப்பிடி வாயில வந்துச்சோ தெரியல. "அத்தே, அத அந்த உருண்ட உடல. நம்ம பூமி புடுங்கிக்கிச்சு. இம்மாத்தூண்டு மண்ணு பெருசா, நம்ம காலுக்குக் கீழ கீறது பெருசா?"

காந்தம், பொடவ, இந்த உருண்ட, எதுல வெளயாடிக் காட்டுனாலும் நம்ம பூமி நடுவுல வந்து கைய உடுது. அத ஓரமா குந்த வெச்சிட்டு வெளயாட நமக்கு எடம் ஏது? அது தான் சங்கடம். இப்ப பேத்தி காலேஜுல படிக்கிறா. எங்க மாமியா கேட்ட கேள்விய சொன்னேன். பெரிய பெரிய ஆளுங்களும் அந்தப் பொடவக் கதைக்கு இதே கேள்வி கேப்பாங்கன்னா. எங்க மாமியா ஞாபகமா அன்னிக்கு ஒரு வெத்தல அதிகமா போட்டுக்கினேன்.

அன்னிக்கு மாமியா உழுந்த குச்சிய கையில எடுத்துக்கினாங்க. "நீ சொல்ற. டீச்சரு சொல்றா. ரெண்டு பேரும் இங்க கீறவங்க. அங்க கீறவன் சொல்லட்டும்."

வாளி எந்தப் பக்கம் போவுது?

மறுநாளே பூந்தமல்லி. மாமியா சொல்லச் சொல்ல டீச்சரம்மா ஒரு எழுத்து மாத்தாம எழுதுனாங்க. கப்பல்லேர்ந்து வாளிய கயித்துல கட்டி உட்டா அது எந்தப் பக்கம் போவுது? தண்ணி பக்கமா, ஆகாசம் பக்கமா? எனக்காவ பொய் சொல்லக் கூடாது. அம்மாம் தான் காயிதம். சாப்ட்டியா, ஒடம்பு எப்பிடி கீது, ஒண்ணும் இல்ல. நான் சொகம் கேட்டேன்னாவது ஒரு வரி எழுதுங்கன்னேன். அந்த வாளி சமாச்சாரம் தெரியட்டும், அப்பால நீ கேட்டுக்கலாம்னுட்டாங்க.

பதிலு வரல. ஊருல நாத்து நட்டாங்க, களை எடுத்தாங்க, அறுப்பும் ஆயிடுச்சு, வரல. மாமியா கொஞ்சம் எறங்கி வந்து, உரலுக்கு அடியில வைக்கப்புல்லும் நாலு சாக்கும் மெத்த மாரி போட்டு, அது மேல நான் மட்டும் மெதுவா குத்திக்கலாம்னாங்க. உரல் ஆடுது, நெல்லு சிதறுது, ஒரு நாள் வேல மூணு நாளாச்சு. பாதி நெல்லு மிஷினுக்கு பூட்டுது. நாங்க ஒரு வேள தான் ஒல வெச்சோம். அதுலயும் மாமியா தண்ணிய குடிச்சிட்டு சோத்த எனக்கு தள்ளுவாங்க.

சந்தையில யாரோ, மெட்ராஸ்லேர்ந்து போன கப்பல் ஒண்ணு முழுவிப் போச்சாம்னு சொன்னது கடசியில அவங்க காதுலயும் உழுந்துடுச்சு. எந்தக் கப்பல்னு யாருக்கும் தெரியல. உழுந்துட்டானா, முழுவிட்டானா, ரெண்டுல ஒண்ணுன்னு அவங்க மொகத்துலயே எழுதி இருந்துச்சு.

ஒரு மத்தியானம் டீச்சரம்மாவே சென்னீர்குப்பத்துக்கு நடந்து வந்தாங்க. கொடைய மடிச்சி கக்கத்துல வெச்சிக்கினு, கையில இஸ்கூலுக்கு வந்த காயிதம். உள்ள கூட வரல. வாசல்ல நின்னுக்கினே படிச்சாங்க.

அம்மாவுக்கு. ஒரு துறமொகத்துல கப்பல நாலு மாசம் நிறுத்தி வெச்சிட்டாங்க. அதான் எழுதல. வாளி தண்ணி பக்கம் தான் போவுது. நான் தெனமும் எறக்கி தெனமும் ஏத்துறேன். இங்க கீழன்னா தண்ணி, மேலன்னா ஆகாசம். நம்ம ஊரு மாரியே தான். நீ கேட்டத இங்க படிச்சப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. மொத தபா இந்தப் பக்கம் வந்தப்போ, இடுப்புல கயித்த கட்டி, அத ஒரு இரும்புத் தூணுல கட்டிக்கினு தான் மூணு நாளு கரி போட்டேன். அப்பால வாளிய பாத்துட்டு நானே அவுத்துட்டேன். கன்னியம்மாகிட்ட இத சொல்லாத.

மாமியா அந்தக் கயிறு எடத்த மறுபடியும் படிக்கச் சொன்னாங்க. டீச்சரம்மா படிச்சாங்க. தூணுல கட்டிக்கினானான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னாங்க.

மாமியா உள்ள போனாங்க. உரல ஒரு பக்கமா சாச்சி, அடியில இருந்த சாக்கையும் வைக்கப்புல்லையும் இஸ்து இஸ்து வெளிய போட்டாங்க. முந்தானைய சொருவிக்கினு, ஒரு உலக்கைய எங்கிட்ட தள்ளி, நெல்ல கொட்டுடின்னாங்க. டீச்சரம்மா இன்னும் வாசல்லயே நிக்கிறாங்க, ஒரு சொம்பு தண்ணி கூட குடுக்கல.

அன்னிக்கு அவங்க குத்துன குத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியல. தரையே அதிருது. அடுப்பு மேல இருந்த சட்டி கடகடன்னு ஆடுது. அத்தே மெதுவா, அரிசி நொறுங்குதுன்னேன்.

"நொறுங்கட்டும். அவன் கால்ல போயி படட்டும். ஆத்தா குத்துறான்னு தெரியட்டும்"னாங்க.

காட்டுப்பாக்கத்துக்கு அன்னிக்கு நான் கொண்டு போனது பாதிக்கு மேல நொய்யி தான். கணக்கப்புள்ள வாசல்ல நிக்க வெச்சி திட்டுனாரு. நின்னு முழுசா வாங்கிக்கினு வந்தேன்.